நாலுக்கு மேல் திறக்காதவள்

அவள் உட்காரும் கம்ப்யூட்டருக்கு மவுஸ் கிடையாது. கிடையாது என்றால், இல்லாமல் இல்லை. வயரைச் சுற்றிக் கட்டி, காலண்டர் மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். முதல் தடவை கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மிஷின் ரிப்பேர் போலிருக்கிறது என்று திரும்பிப் போகப் பார்ப்பார்கள். அதற்குள் அவளுடைய விரல்கள் கீபோர்டில் ஓடத் தொடங்கியிருக்கும். வந்தவர் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும்போது அதற்கான பக்கம் திரையில் வந்து நின்றுகொண்டிருக்கும்.

“மவுசுக்கு ரிட்டையர்மென்ட் குடுத்துட்டா அண்ணாச்சி. உங்களுக்காவது பென்ஷன் வருது. அது பாவம், சும்மா தொங்குது” என்பார் கடைக்காரர் என்னிடம். அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்கள் நெருக்கமாக இருக்கும் ஒரு தெருவின் கோடியில் இருந்தது அந்த ஜெராக்ஸ் கடை. மை வாசனை சாப்பாட்டில்கூட அடிக்கும். கடையில் ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பெஞ்சு. பெஞ்சில் நான். மின்கட்டணம், பென்ஷன் விவகாரம், ரயில் டிக்கெட் என்று எதற்காவது அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். வீட்டில் இருந்தால் கவலை அதிகமாகும் என்பது ஒரு காரணம்.

ஆலங்குளம் பக்கம் ஓர் ஆலையின் எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உள்ளே போன லாரி எத்தனை, வெளியே வந்த லாரி எத்தனை என்று எண்ணியே ஆயுள் போனதால், எண்ணாமல் இருக்க முடியாதவனாகிவிட்டேன். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் இலைகளை எண்ணுவேன். பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். சாயங்காலம் வீட்டுக்கு எல்லோரும் வந்து சேர்ந்தாயிற்றா என்பதை வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணித்தான் தெரிந்துகொள்வேன். ஒரு ஜோடி குறைந்தால் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். குறைகிற ஜோடி எப்போதும் என் மருமகளுடையது. அவள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற ரூமில் வேலை பார்த்தாள். கம்பெனி பஸ் தாமதமாகும் நாள்களில் நான் உட்கார மாட்டேன்.

அதனால்தானோ என்னவோ, அந்தக் கடைப் பெண்ணின் கை வேகம் எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பட்டாசு ஊரில் வேகமான கைகளைப் பார்த்து யாரும் சந்தோஷப்படுவதில்லை. முப்பது வயதுக்கு மேல் இருக்கும் அவளுக்கு. ஒல்லி. பருத்திச் சேலை, இறுகப் பின்னிய சடை. நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். நாற்காலியை வாசலைப் பார்த்துத்தான் போட்டிருந்தாள். வெயிலும் புழுதியும் எப்படி அடித்தாலும் கதவைச் சாத்தவிட மாட்டாள். செருப்பு வெளியே. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்து எடுப்பாள். சாமி கும்பிடுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒருநாள் மவுஸைக் காட்டிக் கேட்டேன். “ஏம்மா, அதத் தொட்டா என்ன? ஊரெல்லாம் அதை வச்சுத்தானே வேலை பாக்குது?”

“அதை இழுக்கணுமேய்யா” என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நமக்கு எதையும் இழுத்துப் பழக்கமில்ல. எடுத்து வச்சுத்தான் பழக்கம்.”

அப்போதுதான் அவளும் முன்னே பட்டாசுக் கம்பெனியில் இருந்தவள் என்பது தெரிந்தது. மருந்து ரூமில் ஒரு காலிப் பெட்டியைக்கூடத் தரையில் இழுக்கக் கூடாது. இரண்டு கையாலும் தூக்கி, இரண்டு கையாலும் வைக்க வேண்டும். இழுத்தால் உரசும். உரசினால், அதற்கு மேல் எங்கள் ஊரில் யாரும் அந்த வாக்கியத்தை முடிப்பதில்லை. உள்ளே நுழையும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். ஜன்னல் கம்பியில் அவள் கை வைத்ததன் அர்த்தம் அது. கம்பெனியை விட்டு வந்து வருஷங்கள் ஆகியும் அவளுடைய கை விடவில்லை.

பாய் அவளை ஜெராக்ஸ் எடுக்கத்தான் வேலைக்கு வைத்தாராம். கம்ப்யூட்டரில் உட்காரச் சொன்ன முதல் நாள், மவுஸ் மேசையில் கரகரவென்று உரசிய சத்தத்தில் அவளுக்குக் கையில் மயிர் கூச்செறிந்துவிட்டது. மறுநாளே அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள். அப்புறம் எப்படி வேலை நடந்தது என்று கேட்டேன்.

“மெனுவைத் தொறந்து பாருங்கய்யா. ஒவ்வொரு வரிக்கும் வலப்பக்கம் சின்ன எழுத்துல எந்தக் கீயை அமுக்கணும்னு அதுவே போட்டிருக்கு. யாரும் படிக்கிறதில்ல. நான் படிச்சேன், அம்புட்டுதான்.”

கன்ட்ரோலையும் ‘எல்’ எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் மேலே முகவரி எழுதுகிற இடத்துக்குப் போய்விடலாம். கன்ட்ரோலும் டியும் புதிதாக ஒரு டேப் திறக்கும். கன்ட்ரோலும் டபிள்யூவும் அதை மூடும். கன்ட்ரோலோடு ஒன்று, இரண்டு என்று எண்ணை அமுக்கினால் அந்த வரிசையில் நிற்கிற டேப்புக்கு நேராகப் போய்விடும். நீளமான பக்கத்தில் ஒரு பெயரைத் தேட கன்ட்ரோலும் எஃப்பும். கீழே இறங்க ஸ்பேஸ் பட்டையைத் தட்டினால் போதும். இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று சொல்லித்தரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து நான் நச்சரித்ததால் சொன்னாள். ஆனால் முதலில் சொன்னது வேறு.

“மொதல்ல ஆல்ட்டையும் இடது அம்பையும் படிச்சுக்கிடுங்க. அமுக்குனா வந்த வழியே வெளிய கொண்டாந்து விட்டுரும். போற வழி பெறகு படிக்கலாம். வார வழி தெரியாம உள்ள போகக் கூடாது.”

கம்பெனியில் முதல் நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் கதவுகளைத்தான் காட்டுவார்கள் என்று என் மருமகள் சொல்லியிருக்கிறாள்.

ஒரு சத்தம் கேட்டால் அவள் செய்கிற காரியம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் பகலில் சத்தம் கேட்பது அதிசயமில்லை. கல்குவாரி வெடி, சோதனைக்குக் கொளுத்துகிற வெடி, எங்கேயோ ஒரு லாரி டயர். கேட்டதும் தெருவில் எல்லோரும் ஒரே திசையில் திரும்புவார்கள். அவள் திரும்ப மாட்டாள். இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து உயரத் தூக்கி, அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொள்வாள். தப்பான கீ எதிலும் விரல் பட்டுவிடக் கூடாது என்பது போல. காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

“ஒத்தச் சத்தம்னா குவாரி. பின்னாலயே படபடன்னு வந்தாத்தான்...” என்பாள் மெதுவாக. இரண்டாவது சத்தம் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் கை கீழே இறங்கும். நானும் அவளோடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அவளுடைய எல்லாப் பழக்கத்திலும் என் கண்ணை உறுத்தியது வேறொன்று. பிரவுசரின் தலையில் வரிசையாக நிற்கிற டேப்புகளை நான் எண்ணாமல் இருப்பேனா? எப்போது எண்ணினாலும் நாலு. நாலுக்குக் குறைவாக இருக்கும். நாலைத் தாண்டியதே இல்லை. கடையில் கூட்டம் நெரியும். ஹால் டிக்கெட்டுக்கு ஒருவர், பட்டாவுக்கு ஒருவர், ஆதாருக்கு ஒருவர் என்று நிற்பார்கள். ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னொருவர் வேலையை முடித்து, மூன்றாவதற்குத் தாவி, அவள் கை நடப்பதைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். ஆனால் ஐந்தாவது ஆள் வந்தால், “கொஞ்சம் பொறுங்க. ஒருத்தர் வெளிய போகட்டும்” என்பாள். ஒன்றை மூடிய பிறகுதான் அடுத்ததைத் திறப்பாள்.

மிஷின் பழையது, தாங்காது என்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன். மிஷின் பழையதுதான். ஆனால் காரணம் அது இல்லை. மருந்து ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். ரூம் வாசலில் பெயின்ட்டில் எழுதியே வைத்திருப்பார்கள். அவள் அதைக் கம்ப்யூட்டருக்கும் எழுதிக்கொண்டுவிட்டாள்.

“கம்ப்யூட்டர் வெடிச்சிருமா தங்கச்சி?” என்று பாய் கேலி செய்வார்.

“வெடிக்காது பாய். கை பழகிரும்ல” என்பாள். இதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

புரிந்த நாளைச் சொல்கிறேன்.

மருமகளைக் கம்பெனியிலிருந்து எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் அந்த வருஷம் முழுக்க என் நினைப்பு. பிளஸ் டூ நன்றாகப் படித்தவள். நர்சுகளுக்கு உதவியாக ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பயிற்சி ஒன்றுக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். அவளுக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிந்தது. விண்ணப்பத்தை இணையத்தில்தான் அனுப்ப வேண்டும். கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணியோடு மூடிவிடுவார்கள். அவள் படித்த பள்ளிக்கூடம் காரியாபட்டியில். அங்கிருந்து வர வேண்டிய ஒரு சான்றிதழ் கடைசி நாள் வரை வரவில்லை. நானே பஸ் ஏறிப்போய், தலைமையாசிரியரின் கையெழுத்துக்குக் காத்திருந்து, வாங்கிக்கொண்டு திரும்பிக் கடைக்குள் நுழையும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. தீபாவளி சீசன். மருமகள் மருந்து ரூமில் இருந்தாள். அன்றைக்கு லீவு போட்டால் வேலையே இருக்காது என்று சொல்லியிருந்தார்கள்.

கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மூன்று டேப் திறந்திருந்தது. என்னுடையது நாலாவது.

“உக்காருங்கய்யா. முடிச்சிருவோம்” என்றாள். ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கடைசி நாள் என்பதால் ஊரே அந்தப் பக்கத்தில் ஏறியிருக்கும் போல. திறக்கவே மாட்டேன் என்றது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் சுற்றட்டும் என்று விட்டுவிட்டு கன்ட்ரோல் ஒன்றுக்குப் போவாள், இரண்டுக்குப் போவாள், திரும்ப நாலுக்கு வந்து பார்ப்பாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி நாலு. பக்கம் திறந்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி என்று பாதி நிரப்பியிருப்பாள். அப்போதுதான் பாய் வேகமாக உள்ளே வந்தார்.

“தங்கச்சி, காலண்டர் லோடு போன லாரி எங்கன நிக்குதுன்னு பாக்கணும். பிரஸ் பார்ட்டி போன்ல கத்துறாரு.”

“நாலு இருக்கு பாய். அஞ்சு நிமிஷம்.”

“ஒண்ணே ஒண்ணு. பாத்துட்டு மூடிருவேன்.” அவர் அவளுடைய தோளுக்கு மேலே கையை நீட்டி, அவளிடமே கற்றுக்கொண்டபடி கன்ட்ரோலையும் டியையும் அமுக்கினார். ஐந்தாவது டேப் திறந்தது. லாரி கம்பெனியின் பக்கம் வந்தது. லாரி மதுரையைத் தாண்டிவிட்டதாம். பாய் சிரித்தார்.

“பாத்தியா, ஒண்ணும் ஆகல.”

அவள் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து தூக்கினாள். சத்தம் கேட்டால் தூக்குவாளே, அப்படி. ஆனால் சத்தம் எதுவும் இல்லை. எழுந்தாள். செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய்த் தெருவில், வெயிலில் நின்றுகொண்டாள்.

பின்னாலேயே ஓடினேன். “ஏம்மா, என்ன வெளையாட்டு இது? நேரம் போகுது. எம் மருமக தலையெழுத்து அதுக்குள்ள கெடக்கு.”

“அந்த அஞ்சாவதை அவுகளை மூடச் சொல்லுங்கய்யா. வந்துருதேன்.”

“அதான் ஒண்ணும் ஆகலையே தாயி.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பயந்திருந்தாள். அவ்வளவு பயத்தை ஒரு வளர்ந்த மனுஷியின் முகத்தில் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“எங்க ரூம்லயும் நாலு பேருதான்யா இருந்தோம். ஒரு சீசன்ல ஆர்டர் நெருக்குதுன்னு அஞ்சாவதா ஒருத்தியக் கொண்டாந்து உக்கார வச்சாக. அன்னைக்குப் பூரா எனக்குக் கை ஓடல. சாயந்தரம் போர்மேன் இப்படித்தான் சிரிச்சாரு. பாத்தியா, ஒண்ணும் ஆகலன்னாரு.”

“ஆகலையே?”

“ஆகல. அதனால மறுநாளும் அஞ்சு. அதுக்கு மறுநாளும் அஞ்சு. நாலு வாரத்துல அவ பாட்டுக்கு வந்து உக்காருதா, நாங்க பாட்டுக்கு நகந்து எடம் விடுதோம். ஒருநாள் நானே ஒரு பெட்டிய இழுத்துட்டேன்யா. கால் வைக்க வழி வேணும்னு இழுத்துட்டேன். யாருமே திரும்பிப் பாக்கல. அன்னைக்கும் ஒண்ணும் ஆகல. மறுநாள் நான் போகல.”

“ஒண்ணும் ஆகாமலா வேலைய விட்டே?”

“ஒண்ணு ஆனப்பெறகு எப்படிய்யா விட?”

அவள் கேட்டாள்: “உங்க மருமக ரூம்ல எம்புட்டுப் பேரு?”

நான் கேட்காமல் இருப்பேனா? வாரம் தவறாமல் கேட்பேன். “நாலுதான். நாலுதான் மாமான்னு சொல்லுவா.”

அவள் தெருவைப் பார்த்தாள். “நானும் எங்க அம்மாட்ட நாலுன்னுதான் சொன்னேன்” என்றாள்.

உள்ளேயிருந்து பாயின் குரல் கேட்டது. “அண்ணாச்சி, இங்கன வாங்க.” ஐந்தாவது டேப்பை மூடுவதற்கு அவர் ஆணியிலிருந்து மவுஸை எடுத்து மாட்டியிருக்கிறார். மூடுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அம்பு பாதி வழியில் நின்றுவிட்டது. திரை வெளுத்துவிட்டது. எதை அமுக்கினாலும் அசையவில்லை. கடிகாரத்தில் ஐந்துக்கு இருபது நிமிஷம் இருந்தது.

அவள் திட்டவில்லை. மவுஸைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தாள். உட்கார்ந்து, மூன்று கீகளைச் சேர்த்து அமுக்கி, அம்புக் குறிகளால் மேலும் கீழும் போய், உறைந்த பிரவுசரை மூடினாள். திரும்பத் திறந்தாள். கன்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அமுக்கினாள். செத்துப்போன டேப்புகள் ஐந்தும் வரிசையாக எழுந்து வந்து நின்றன.

“வந்துருச்சு” என்றார் பாய், பெருமூச்சோடு.

“எல்லாருமே வந்துட்டாக. அதான் வம்பு” என்றாள். கடைசியில் இருந்த லாரி டேப்பை முதலில் மூடினாள். அப்புறம் மற்றவர்களுடையதை ஒவ்வொன்றாக. காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். “ஒங்களுது நாளைக்கும் தொறந்திருக்கும்ணே. இவுகளுது மூடிருவாக” என்றாள். என்னுடையது மட்டும் தனியாக நின்றது. நிரப்பியிருந்த கட்டங்கள் எல்லாம் காலி.

சான்றிதழ்களை விரித்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

“ஆட்டாதீகய்யா. எழுத்து ஓடுது.”

“என்ன செய்ய, கை நிக்கமாட்டேங்குது.”

“அப்பப் பாய்ட்ட குடுங்க. அவுகளுக்குத்தான் எதுக்கும் பயமில்லையே.” பாய் வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

கீபோர்டில் இருக்கிற டேப் பொத்தானைத் தட்டத் தட்ட ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு அவள் தாவிய வேகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தப்பாக விழுந்தால் ஷிப்ட்டோடு அதே பொத்தான், ஒரு கட்டம் பின்னால். திருத்தல். திரும்ப முன்னால். போட்டோ, கையெழுத்து, சான்றிதழ். ஒவ்வொன்றும் ஏறுகிற வரைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். கடைசியாக, அனுப்பு என்று எழுதிய கட்டத்தைச் சுற்றி நீலக் கோடு வந்து நின்றது. என்டரைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது சத்தம் கேட்டது.

மேற்கே. கனமான சத்தம். ஜெராக்ஸ் மிஷின் மேல் இருந்த டீ கிளாஸ் லேசாக அதிர்ந்தது. அவள் கைகள் அந்தரத்துக்குப் போயின. தெருவில் பிரஸ் சத்தம் ஒன்று நின்றது. மேற்கேதான் மருமகளின் கம்பெனி. எனக்கு எண்ண வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று, இரண்டு என்று எண்ண வரவில்லை. கடிகார முள் நகர்ந்தது. அவள் கையை இறக்கவில்லை. நானும் அமுக்கு என்று சொல்லவில்லை. அந்தப் பெயரில் ஒருத்தி இன்னும் இருக்கிறாளா என்று தெரியாமல் அந்த விண்ணப்பத்தை எப்படி அனுப்புவது? எங்கள் இருவர் மனதிலும் அதுதான் ஓடியிருக்க வேண்டும்.

இரண்டாவது சத்தம் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை.

“குவாரி” என்றாள். கை இறங்கியது. என்டர்.

வட்டம் சுற்றியது. பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று இருந்தது. பாய் சான்றிதழ்களை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அவள் எழுந்து திரும்ப ஜன்னல் கம்பியில் கையை வைத்தாள். வேலை முடிந்து எழும்போது வைத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் செருப்புகள் குறையவில்லை. மருமகள் முகம் கழுவிக்கொண்டு வந்ததும் கேட்டேன். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். “நாலுதான் மாமா” என்றாள் அவள், டீத்தூள் டப்பாவைத் திறந்துகொண்டே. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீத்தூளை அளந்து போட்டுவிட்டு, “சீசன்ல மட்டும் அஞ்சு” என்றாள். “ஒண்ணும் ஆகாது மாமா. பழகிப்போச்சு.”

மருமகளுக்குப் பயிற்சியில் இடம் கிடைத்தது. இப்போது விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பஸ் தாமதமானால் நான் இப்போதும் நிற்கிறேன், ஆனால் முன்போல இல்லை.

கடை அதற்குப் பிறகு ரொம்ப நாள் நிற்கவில்லை. எல்லோர் கையிலும் தொடுதிரை போன் வந்துவிட்டது. ஹால் டிக்கெட்டையும் மின்கட்டணத்தையும் அவரவரே பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு அந்தப் போன்களைக் கண்டாலே ஆகாது. “நாளெல்லாம் தேச்சுக்கிட்டே இருக்காகய்யா. எனக்குப் பல் கூசுது” என்பாள். பொத்தான் வைத்த பழைய போனைத்தான் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். பாய் ஒருநாள் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிட்டு, அதே கடையில் போன் கவர் விற்க ஆரம்பித்தார். அவளுக்கு அங்கே வேலை இல்லை. எங்கே போனாள் என்று பாய்க்கும் தெரியவில்லை. ஆணி மட்டும் அங்கேயே இருந்தது.

என் மகன் எனக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறான். மவுஸும் கூடவே வந்தது. நான் மாட்டவில்லை. நாலு டேப் திறந்த பிறகு கை தானாக நிற்கிறது.

போன தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு அவளைப் பார்த்தேன். காலையில் பால் வாங்கப் போயிருந்தேன். ஆனைக்குட்டம் போகிற பாதையில் வேகத்தடைக்காக ஒரு பட்டாசுக் கம்பெனி பஸ் நின்று ஏறியது. நடு வரிசையில், ஜன்னலோரம் அவள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தலை குனிந்திருந்தது. நான் பாத்திரத்தோடு ஓடி ஜன்னலைத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்து, சிரித்தாள்.

“ஐயா, நல்லா இருக்கீகளா? மருமக சொகமா?”

“நல்லா இருக்கா தாயி. நீ என்ன, திரும்பவுமா?”

“ரெண்டு வருசமாச்சு. வேற என்ன செய்ய?”

அவள் கையில் ஒரு தொடுதிரை போன் இருந்தது. என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டை விரல் அதன் மேல் தேய்த்துக்கொண்டே இருந்தது. மேலே, கீழே, மேலே. அதைப் பார்க்காமலே தேய்த்தது அந்த விரல். பயம் என்று நான் அன்றைக்குத் தெருவில் பார்த்தேனே, அது முகத்தில் எங்கேயும் இல்லை. தேடிப் பார்த்தேன். இல்லை.

பஸ் நகரத் தொடங்கியது. நானும் கூடவே நடந்துகொண்டு கேட்டேன். “ரூம்ல எம்புட்டுப் பேரும்மா?”

“நாலுதான்யா” என்றாள் அவள். “கவலப்படாதீக.”

பஸ்ஸுக்குள் இருந்த தலைகளை எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடிப்பதற்குள் அது திருப்பத்தில் போய்விட்டது.